புயல் கடற்கரையில் தன் மின்சாரத்தில் நிற்கும் வீடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. காற்று அடங்கச் சில மணி நேரம்தான் ஆனது. ஆனால் 1 லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்துவிட்டதால், பல கிராமங்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. மோட்டார் ஓடாததால் தண்ணீர் இல்லை, சார்ஜ் இல்லாததால் போன் இல்லை. கூரை தப்பிய வீடுகளில் இருந்தவர்களும் அந்த நாட்களில் இருட்டிலேதான் கிடந்தார்கள். நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களின் கடலோரத்தில் வீடு கட்டப்போகிறவர்களுக்காகவும், இருக்கும் வீட்டைப் பலப்படுத்த நினைப்பவர்களுக்காகவும் இந்தக் கேள்வி பதில்கள் எழுதப்பட்டுள்ளன.

எவ்வளவு காற்றைத் தாங்கும்படி வீட்டைக் கட்ட வேண்டும்?

கட்டடங்களின் மீது காற்று தரும் சுமையைக் கணக்கிடுவதற்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 875, பாகம் 3. அதன் 2015ஆம் ஆண்டுப் பதிப்பு சென்னைக்கும் புதுச்சேரிக்கும் அடிப்படைக் காற்று வேகமாக வினாடிக்கு 50 மீட்டரை, அதாவது மணிக்கு 180 கிலோமீட்டரை வைத்திருக்கிறது. டெல்டாக் கடற்கரைக்கும் அதே அளவை எடுத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு.

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் அழுத்தம் நான்கு மடங்காகும் என்பதை மறக்கக் கூடாது. மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சதுர மீட்டர் சுவரின் மேல் ஏறக்குறைய 68 கிலோ அழுத்தம் விழுகிறது. 180 கிலோமீட்டரில் அதுவே 150 கிலோவைத் தாண்டுகிறது. ஆகவே, "கஜாவையே தாங்கிய வீடு, இனி எதையும் தாங்கும்" என்று சொல்வதில் கணக்கு இல்லை.

கடற்கரையிலிருந்து 60 கிலோமீட்டருக்குள் கட்டப்படும் மருத்துவமனை, பள்ளி, புயல் காப்பகம் போன்றவற்றுக்கு இந்த வேகத்தை 1.3 மடங்காக்கிக் கணக்கிடச் சொல்கிறது அதே தரநிலை. சாதாரண வீடுகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆனால் புயல் இரவில் அக்கம்பக்கத்தார் நான்கு குடும்பம் வந்து தங்கும் வீடாக உங்கள் வீடு இருக்கும் என்றால், அந்தக் கூடுதல் அளவுக்கே வடிவமைத்துத் தரும்படி பொறியாளரிடம் கேளுங்கள்.

எந்தக் கூரை நல்லது?

புயலில் கூரையைக் காற்று மேலிருந்து அழுத்துவதில்லை. மேல்நோக்கி உறிஞ்சி எடுக்கிறது. ஓரங்களிலும் மூலைகளிலும் இந்த உறிஞ்சும் விசை நடுப்பகுதியில் இருப்பதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் போகக்கூடும். 12 சென்டிமீட்டர் கனமுள்ள கான்கிரீட் தளம் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 300 கிலோ எடையுள்ளது, அதுவும் ஒரே துண்டாக இருக்கிறது. சீமை ஓட்டுக் கூரை சுமார் 40 கிலோ. தகர ஷீட் அதில் மிகச் சிறு பங்கு. எது இருந்த இடத்தில் இருக்கும் என்பதை இந்த எண்களே சொல்லிவிடுகின்றன.

அதற்காக ஓட்டு வீடோ ஷீட் வீடோ கட்டவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். எடை தராத பிடிப்பை இணைப்புகள் தர வேண்டும். கைமரம் சுவர் உச்சியில் வெறுமனே உட்கார்ந்திருந்தால் போதாது; இரும்புப் பட்டையால் அதைச் சுவர் மேலுள்ள கான்கிரீட் பீமோடும், அந்த பீமைத் தூணின் கம்பியோடும், தூணை அஸ்திவாரத்தோடும் பிணைக்க வேண்டும். இந்தத் தொடர்ச்சியில் ஓரிடம் விட்டுப்போனாலும் காற்று அந்த இடத்தில்தான் பிரிக்கும். இரண்டு பக்கம் மட்டும் சரியும் கூரையைவிட நான்கு பக்கமும் சரியும் கூரை காற்றை எளிதாகக் கடத்திவிடும். திண்ணைக்கும் தாழ்வாரத்துக்கும் மேலுள்ள கூரையை வீட்டுக் கூரையின் நீட்சியாக விடாமல் தனியாக அமையுங்கள். அது பிய்த்துக்கொண்டு போனாலும் வீட்டுக் கூரையைக் கூடவே இழுத்துச் செல்லாது.

ஷீட் கூரை உள்ளவர்கள் ஏணி வைத்து ஏறி, ஷீட்டைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் ஜே போல்ட்டுகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். உப்புக் காற்றில் நட்டுக்குக் கீழுள்ள வாஷர் அரித்துப்போய், ஷீட்டில் போட்ட துளை வாஷரைவிடப் பெரிதாகியிருக்கும். வெளிப் பார்வைக்கு இறுக்கமாகத் தெரியும் அந்த நட்டு ஷீட்டைப் பிடித்திருப்பதில்லை; முதல் வீச்சிலேயே ஷீட் அதன் தலை வழியாகக் கழன்று வந்துவிடும். அகலமான வாஷரைப் புதிதாக மாற்றி, ஓர வரிசைகளில் போல்ட்டுகளை நெருக்கிப் போடுவது ஒரு நாள் வேலைதான்.

கதவும் ஜன்னலும் கூரையைப் பாதிக்குமா?

நிச்சயம் பாதிக்கும். காற்று வரும் பக்கத்து ஜன்னல் ஒன்று உடைந்தால், உள்ளே புகுந்த காற்று கூரையைக் கீழிருந்து தள்ளும். மேலிருந்து உறிஞ்சும் விசையும் அதனோடு சேர்ந்துகொள்ளும். பறந்துபோன கூரைகளில் பல, ஜன்னல் போனபிறகே போகின்றன.

"கடல் பக்கத்து ஜன்னலுக்கு மட்டும் பலகை அடித்தால் போதாதா?" என்று பலர் கேட்கிறார்கள். போதாது. கிழக்கிலிருந்து வந்து கரையேறும் புயலின் கண் உங்கள் ஊர் மேலே கடந்தால், முதலில் வடக்கிலிருந்து அடித்த காற்று சற்று நேரம் முழுவதும் ஓய்ந்து, பிறகு தெற்கிலிருந்து அதே மூர்க்கத்தோடு திருப்பி அடிக்கும். எனவே எல்லாப் பக்க ஜன்னல்களுக்கும் வெளிப்புறத்தில் மரக்கதவோ கனமான பிளைவுட் பலகையோ வேண்டும். அவற்றை மாட்டுவதற்கான போல்ட்டுகளை வீடு கட்டும்போதே சுவரில் பதித்து வைத்துவிட்டால், எச்சரிக்கை வந்த அன்று தச்சரைத் தேடி அலைய வேண்டியிருக்காது.

கடலோரத்தில் கான்கிரீட் சீக்கிரம் கெட்டுப்போவது ஏன்?

உப்பிலுள்ள குளோரைடு கான்கிரீட்டுக்குள் ஊறி, கம்பியைத் தொட்டதும் துரு தொடங்குகிறது. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்பதால் கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கிறது. தளத்தின் அடிப்பாகத்தில் கம்பி போன வழியில் நேர்கோடாகப் பழுப்புக் கறை தெரிந்தால், இந்த வேலை தொடங்கிவிட்டது என்று பொருள். அடுத்தது பூச்சு பெயர்ந்து விழுவதுதான்.

ஐஎஸ் 456 தரநிலை கடலோரச் சூழலுக்கு எம் 30 தரக் கான்கிரீட்டையும், கம்பியின் மேல் 45 மில்லிமீட்டர் கவரையும் (கம்பியை மூடும் கான்கிரீட்டின் கனம்) கேட்கிறது. கடல் நீர்த் திவலை நேராகப் படும் இடத்துக்கு எம் 35 தரமும் 50 மில்லிமீட்டர் கவரும் வேண்டும். நடைமுறையில் என்ன நடக்கிறது? சென்ட்ரிங் பலகை மேல் கம்பி கட்டியதும், அதற்கடியில் கையில் கிடைத்த ஜல்லித் துண்டுகளைச் செருகிவிடுகிறார்கள். கான்கிரீட் கொட்டும்போது ஆட்கள் மிதித்து நடக்க, ஜல்லி நழுவி, கம்பி பலகையோடு ஒட்டிக்கொள்கிறது. வீட்டின் ஆயுளை இருபது ஆண்டுகள் குறைக்கக்கூடிய காரியம் அந்த ஒரு மணி நேரத்தில் நடந்துவிடுகிறது. சரியான உயரத்தில் வார்த்த கவர் பிளாக்குகளை வாங்கிக் கம்பியோடு கட்டச் சொல்லுங்கள். கான்கிரீட் போடும் அன்று நீங்களே பக்கத்தில் நில்லுங்கள். வீட்டுக்காரர் நேரில் நிற்க வேண்டிய நாள் ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

கலவைக்கும், தளத்தில் கட்டி நிறுத்துவதற்கும் உப்புத் தண்ணீர் கூடாது. கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. போர்வெல் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். தேறவில்லை என்றால் லாரித் தண்ணீர் வாங்குவது வீண் செலவாகாது.

கடலிலிருந்து எவ்வளவு தள்ளி, எவ்வளவு உயரத்தில் கட்டலாம்?

2019ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, மக்கள் அடர்த்தி மிகுந்த ஊரகக் கடலோரங்களில் உயர் அலைக் கோட்டிலிருந்து (கடல் ஏற்றத்தில் நீர் எட்டும் அதிகபட்ச எல்லை) 50 மீட்டரையும், அடர்த்தி குறைந்தவற்றில் 200 மீட்டரையும் வளர்ச்சிப் பணிகளுக்குத் தடை செய்யப்பட்ட பகுதியாக வைத்திருக்கிறது. உங்கள் மனை எந்த வகையில் வருகிறது என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகே முன்பணம் கொடுங்கள். பாக் நீரிணைக் கடல் ஆழம் குறைந்தது என்பதால் புயல் தள்ளிவரும் நீர் இங்கே கூடுதலாக எழும்பும். ஊரில் மூத்தவர்கள் நினைவிலுள்ள வெள்ள மட்டத்தைக் கேட்டறிந்து, பேஸ்மட்டத்தை அதற்கும் மேலே தூக்குங்கள்.

வீட்டில் சோலார் இருக்கிறது. ஆனால் கரண்ட் போனதும் அதுவும் நின்றுவிடுகிறதே?

இந்தப் பக்கத்தில் வேறு எதைப் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள். மானியத்தோடு வீட்டு மாடிகளில் பொருத்தப்படுபவற்றில் பெரும்பாலானவை மின்வாரியத் தொடரை (கிரிட்) சார்ந்து ஓடும் இன்வெர்ட்டர்கள். வெளியே மின்சாரம் நின்றதும், உச்சி வெயிலிலும் அவை தாமாகவே நின்றுவிடும். அப்படித்தான் நிற்க வேண்டும். இல்லையென்றால், அறுந்த கம்பியைச் சரிசெய்ய ஏறிய மின் ஊழியரின் மேல் உங்கள் வீட்டு மின்சாரம் பாயும்.

ஆகவே புயல் நாளில் ஒரு விளக்குகூட எரியாத சோலார் வீடுகள் நம் கடற்கரையில் நிறைய இருக்கின்றன. விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை. வாங்குபவர்களுக்குக் கேட்கத் தெரிவதில்லை. தேவையானது ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும். வெளி இணைப்பு போனதும் அது வீட்டைத் தொடரிலிருந்து முழுதாகப் பிரித்துவிட்டு, உள்ளுக்குள் மட்டும் மின்சாரம் தரும். பொருத்தி முடித்தவுடன், பொருத்தியவர் இருக்கும்போதே மெயின் சுவிட்சை இறக்கிப் பாருங்கள். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தால் மட்டும் மீதிப் பணத்தைக் கொடுங்கள்.

எத்தனை கிலோவாட் பேனல், எவ்வளவு பேட்டரி?

இந்தக் கேள்விக்கு எல்லாரும் ஆண்டுச் சராசரியை வைத்துப் பதில் சொல்கிறார்கள்: 1 கிலோவாட் பேனல் நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் தரும். அது மின் கட்டணத்தைக் கணக்கிட உதவும், புயலுக்கு உதவாது. நமக்குப் புயல் வருவது ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில். 1977 நாகைப் புயல் நவம்பரில், 'தானே' புயல் 2011 டிசம்பரில், கஜாவும் நிவர் புயலும் நவம்பரில் வந்தன. அந்த மாதங்களில் வானம் நாள் முழுக்க மூடியிருக்கும் நாட்களில் பேனல் தன் வழக்கமான விளைச்சலில் பத்தில் ஒன்று, இரண்டு பங்குதான் தரும். அந்த நாட்களை வைத்தே கணக்குப் போட வேண்டும்.

முதலில் தேவையைக் குறையுங்கள். பழைய மின்விசிறி 75 வாட் இழுக்கும். மின்சாரத்தை மிச்சப்படுத்தும் பிஎல்டிசி விசிறி ஏறக்குறைய 30 வாட்டில் அதே காற்றைத் தரும். அப்படி இரண்டு விசிறி 10 மணி நேரம் ஓட 0.6 யூனிட், 9 வாட் எல்இடி பல்பு நான்கு, 5 மணி நேரம் எரிய 0.18 யூனிட், போன்களுக்கும் ரேடியோவுக்கும் 0.1, அரை ஹெச்பி மோட்டார் அரை மணி நேரம் ஓட சுமார் 0.3 யூனிட். மொத்தம் 1.2 யூனிட்டுக்குள் ஒரு குடும்பம் ஒரு நாளைக் கடத்திவிடலாம். ஃப்ரிட்ஜும் ஓட வேண்டும் என்றால், குறிப்பாக இன்சுலின் வைத்திருக்கும் வீடுகளில், இன்னொரு யூனிட்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது 5 யூனிட் கொள்ளும் லித்தியம் பேட்டரி ஒன்றும், 3 கிலோவாட் பேனலும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பேட்டரியில் 4 யூனிட்டுக்கு மேல் எடுத்துப் பயன்படுத்தலாம். பேனலிலிருந்து துளி மின்சாரம் வராவிட்டாலும் அடிப்படைத் தேவைக்கு மூன்று நாள் தாங்கும். மேகம் மூடிய நாளில்கூட 3 கிலோவாட் பேனலில் 1.2 யூனிட்டிலிருந்து 2.4 யூனிட் வரை கிடைக்கும் என்பதால் அடிப்படைத் தேவை அன்றன்றைக்கே நிறைந்துவிடும். வாரக்கணக்கில் மின்சாரம் வராவிட்டாலும் வீடு ஓடும். பணம் அளவாக இருந்தால் பேட்டரியைப் பெருக்குவதைவிடப் பேனலைப் பெருக்குவதே மேல் என்பது என் முடிவு. மூன்று நாளைக்கு மேல் நீளும் இருட்டில் பேட்டரி வெறும் பெட்டி, அதை நிரப்பப் பேனல்தான் வேண்டும்.

ஏசியை இந்தக் கணக்குக்குள் கொண்டுவராதீர்கள். மாடியில் வெள்ளை ஓடு பதித்து, கிழக்கு மேற்காகக் காற்றோட்டம் வைத்துக் கட்டினால் கடல்காற்றே பெரும்பாலான இரவுகளுக்குப் போதும்.

பேனல்கள் காற்றில் பறந்துவிடாதா?

பொருத்தும் விதத்தைப் பொறுத்தது. பத்துப் பதினோராம் அட்சரேகையில் இருக்கும் நமக்கு ஓர் அனுகூலம் உண்டு: பேனலை 10 பாகை அளவு சாய்த்தால் போதும், காற்றுக்கு அகப்படும் முகம் குறைவு. ஆனால் மாடியில் துணி காயப்போடவும் நிழலுக்கும் ஆகும் என்று, பேனலை ஆள் உயரத்துக்கு மேல் தூக்கி நிறுத்தும் வழக்கம் பரவிவிட்டது. புயல் கடற்கரையில் அதை நான் ஏற்கமாட்டேன். தளத்திலிருந்து ஓர் அடி உயரம், கைப்பிடிச் சுவரிலிருந்து குறைந்தது ஒரு மீட்டர் இடைவெளி, அதுவே போதும்.

3 கிலோவாட்டுக்கான பேனல்கள் ஏறக்குறைய 15 சதுர மீட்டர் பரப்புள்ளவை. சதுர மீட்டருக்கு 150 கிலோ என்று வைத்தாலே தூக்கும் விசை 2 டன்னைத் தாண்டும். தளத்தின் மேல் சும்மா வைக்கப்படும் சிமெண்ட் கட்டைகள் இதற்கு ஈடாகா. புது வீட்டில், தளத்துக் கம்பியோடு பிணைத்த சிறு கான்கிரீட் பீடங்களைத் தளத்தோடு சேர்த்தே வார்த்துவிடுங்கள். பேனலின் கண்ணாடி 2400 பாஸ்கல், அதாவது சதுர மீட்டருக்கு சுமார் 240 கிலோ அழுத்தத்தில் சோதிக்கப்படுகிறது. அதைப் பிடித்திருக்கும் கிளாம்பும் போல்ட்டும் அந்த அளவுக்கு இருக்கின்றனவா என்பதுதான் கேள்வி. சட்டங்கள் சூடான துத்தநாகத்தில் தோய்த்தெடுத்த இரும்பாகவும், போல்ட்டுகள் 316 தர எவர்சில்வராகவும் இருக்கட்டும்.

லித்தியமா, டியூபுலர் பேட்டரியா?

12 வோல்ட், 150 ஆம்பியர் மணி டியூபுலர் பேட்டரியில் (வழக்கமான ஈய அமில வகை) 1.8 யூனிட் இருப்பதாகக் கணக்கு. அதன் ஆயுள் கெடாமல் பாதியைத்தான் எடுக்கலாம். விலை குறைவு, எந்த ஊரிலும் கிடைக்கும், பழுது பார்க்க ஆள் உண்டு. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி விலை கூடுதல்; ஆனால் முக்கால் பங்குக்கு மேல் எடுக்கலாம், பல ஆண்டுகள் கூடுதலாக உழைக்கும். எதுவானாலும் மாடிப்படிக்குக் கீழே தரையில் வைக்காதீர்கள். வெள்ளம் முதலில் வந்து நிற்கும் இடம் அது.

மின்வாரிய இணைப்பையே துண்டித்துக்கொள்ளலாமா?

வேண்டாம். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். 2024இல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம். அது தொடரோடு இணைந்த அமைப்புகளுக்கே. வெயில் காலத்தில் மிஞ்சுவதை வெளியே கொடுங்கள், புயல் மாதத்தில் தனித்து நில்லுங்கள்.

மாடியில் சிறிய காற்றாலை வைத்தால் மழை நாளிலும் மின்சாரம் வருமே?

வீட்டு மாடி உயரத்தில் காற்று மரங்களிலும் கட்டடங்களிலும் மோதிச் சிதறியே வரும், விளைச்சல் சொற்பம். புயல் காற்றில் அதை நிறுத்திக் கட்டியாக வேண்டும். அந்தப் பணத்தில் இன்னும் இரண்டு பேனல் வாங்கலாம்.

தண்ணீருக்கு என்ன வழி?

கஜாவுக்குப் பிறகு ஜெனரேட்டரை வாடகைக்குப் பிடித்து ஊர்த் தொட்டியை நிரப்பினார்கள். உங்கள் மோட்டார் அரை ஹெச்பியாக இருந்தால் இன்வெர்ட்டரிலேயே ஓடும். ஆழ்துளைக் கிணற்றில் இறக்கிய பெரிய மோட்டார், ஓடத் தொடங்கும் கணத்தில் பல மடங்கு மின்சாரத்தை இழுப்பதால் இன்வெர்ட்டர் நின்றுவிடலாம். கூடவே ஓர் அடிபம்பு வைத்திருங்கள். மழைநீரைத் தரைக்குள் விடுவதோடு நிறுத்தாமல் தொட்டியிலும் பிடியுங்கள். 100 சதுர மீட்டர் தளத்தில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் சேதாரம் போக 4000 லிட்டர் சேரும்.

வீட்டைச் சுற்றி எந்த மரம் வைக்கலாம்?

கஜாவில் தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்த ஊர்களில் பனைகள் நின்றுகொண்டிருந்தன. அந்தக் காட்சியைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம். தென்னையை அதன் முழு உயரத்துக்கும் மேலான தூரத்தில் வையுங்கள். கடல் பக்கம் சவுக்கு வரிசைகள், எல்லையில் பனை.

ஏற்கெனவே கட்டிய வீட்டில் எதை முதலில் செய்வது?

கூரைப் பிணைப்பும் ஜன்னல் பலகையும் முதலில். செலவு குறைவு, பயன் அதிகம். அடுத்து, இருக்கும் சோலாரை ஹைப்ரிட்டாக மாற்றுவது. கூரை உறுதியில்லாத வீட்டின் மேல் பேனல் ஏற்றுவதை மட்டும் செய்யவே செய்யாதீர்கள்.

எச்சரிக்கை வந்ததும், புயல் போனதும் என்ன செய்ய வேண்டும்?

எச்சரிக்கை வந்தவுடன் பேட்டரியை முழுக்க ஏற்றுங்கள். மாடித் தொட்டியை விளிம்புவரை நிரப்புங்கள். 1000 லிட்டர் தண்ணீர் குடிப்பதற்கும் ஆகும், ஒரு டன் எடையாகத் தொட்டியையும் பிடித்துவைக்கும். பேனல் கிளாம்புகளை ஒருமுறை முடுக்குங்கள். காற்று தொடங்கும் முன் பேனல் பக்கத்துச் சுவிட்சையும் மெயினையும் இறக்கிவிட்டு, பேட்டரியில் மட்டும் வீட்டை ஓட்டுங்கள்.

புயல் ஓய்ந்து மாடிக்குப் போகும்போது, உடைந்த பேனலும் வெளிச்சம் பட்டால் மின்சாரம் தரும் என்பதை நினைவில் வையுங்கள். வரிசையாக இணைத்த பேனல்களின் கம்பியில் 200 வோல்ட்டுக்கு மேல் நேர் மின்சாரம் (டிசி) இருக்கும். மெயினை இறக்கினாலும் அது அந்தக் கம்பியில் இருந்துகொண்டேயிருக்கும். அறுந்து தொங்கும் கம்பியையோ, தேங்கிய நீரில் கிடக்கும் பேனலையோ தொடாமல், கனமான தார்ப்பாயால் பேனலை மூடிவிட்டு எலக்ட்ரீஷியனை அழைக்க வேண்டும். இன்வெர்ட்டருக்குள் தண்ணீர் புகுந்திருந்தால் உலர்ந்துவிட்டது என்று நம்பிப் போட்டுப் பார்க்காதீர்கள். அதை இணைப்பிலிருந்து கழற்றிப் பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள்.